திடப்படுத்தல் வகுப்பில் ஒருத்தி

1

எங்கள் வீட்டில் பெரிய செய்திகள் எல்லாம் தோசைக்கல் சூடாக இருக்கும்போதுதான் வரும். எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்ததை விருத்தாசலம் வீட்டில் நான் சொன்னது அப்படித்தான். கூட வர என் கணவர் சாமுவேல் சம்மதித்தது அடுத்த தோசை வேகும் முன். போன நவம்பரில் எங்கள் மகள் பெனிட்டாவும் அந்த வழக்கத்தை மீறவில்லை.

"எங்க கிளாஸ்ல எல்லாரும் இளையோர் விழா எடுத்துக்கிறாங்கம்மா. நானும் எடுத்துக்கப் போறேன்" என்றாள். தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்துவிட்டு, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்கிற குரலில், "திடப்படுத்தல் கிளாஸுக்கு இனிமே வரல" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

இளையோர் விழா என்பது நானாக வைத்த தமிழ்ப் பெயர். ஜெர்மன் பெயரை எழுதினால் படிக்கிற உங்களுக்கு நாக்கு சுளுக்கும். சாமுவேல் அப்போதுதான் அதை முதல்முறை கேள்விப்படுகிறார்.

"அது என்னா விழா?"

"பதினாலு வயசுல பண்ணுவாங்கப்பா. ஹால் எடுப்பாங்க. புது டிரெஸ் போட்டுக்கணும். மேடைக்கு ஒவ்வொருத்தரா கூப்புட்டு பூ குடுப்பாங்க. இனிமே நீ பெரிய ஆளுன்னு சொல்லுவாங்க. சொந்தக்காரங்கள்லாம் வந்து கவர் குடுப்பாங்க, சாப்புடுவாங்க."

சாமுவேல் என்னைப் பார்த்தார். "மஞ்சத்தண்ணி ஊத்தறதா? இங்கயுமா?"

"பசங்களுக்கும் உண்டுப்பா."

"பசங்களுக்குமா?" என்று அவர் கரண்டியோடு நின்றுவிட்டார். கல்லில் இருந்தது கருகிப்போனது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அன்று இரண்டாவதுதான் ஜெயித்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் இருக்கும் பகுதி, ஒரு காலத்தில் பொதுவுடைமை அரசு நடந்த கிழக்கு ஜெர்மனி. பிள்ளைகள் பதினான்கு வயதில் கோவிலில், அதாவது சர்ச்சில், திடப்படுத்தல் எடுப்பதுதான் அதற்கு முன்பு இருந்த வழக்கம். திடப்படுத்தல் என்றால், குழந்தையாக இருக்கும்போது பெற்றோர் எடுத்துவைத்த ஞானஸ்நானத்தை, விவரம் தெரிந்த வயதில் பிள்ளையே சபைக்கு முன் நின்று 'ஆமாம், இது என்னுடையது' என்று சொல்வது. அரசு அதற்குப் போட்டியாகக் கடவுள் இல்லாத ஒரு விழாவை வைத்தது. அந்த அரசு போய்விட்டது, விழா நிலைத்துவிட்டது. இப்போது அதில் அரசியலும் இல்லை, கடவுளும் இல்லை, நல்ல கேக் உண்டு. பெனிட்டாவின் வகுப்பில் எல்லாருமே அதற்குத்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். எங்கள் சபையின் திடப்படுத்தல் வகுப்பில் போன வருஷம் இரண்டு பேர். பையன் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். மிச்சம் பெனிட்டா ஒருத்திதான்.

2

நாங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் டிசம்பரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

விருத்தாசலத்தில் எங்கள் லுத்தரன் சபை சின்னது. குடும்பங்கள் ஊரெங்கும் சிதறிக் கிடந்தன. ஜங்ஷன் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு, பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் எங்கள் வீடும் இன்னும் சிலதும், வேப்பூர் ரோட்டில் ஒன்று, பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலை வேலைக்குப் போனவர்கள் வீடு ஒன்று. கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு டெம்போ எடுத்துக்கொண்டு, டிரம்மும் கிட்டாருமாகக் கேரல் ரவுண்ட்ஸ் போவோம். முகவரி யாரும் சொல்ல மாட்டார்கள். "ஸ்டார் கட்டியிருக்கும், பாத்து வந்துடுங்க" என்பார்கள். வாசலில் காகித நட்சத்திரமும் உள்ளே ஒரு பல்பும் தொங்கினால் அது நம் ஆள் வீடு. அந்தத் தெருவில் வேறு எங்கேயும் தொங்காது.

இங்கே வந்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான அட்வெந்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் சாமுவேல் நின்றார். ஒரு ஜன்னல் விடாமல் நட்சத்திரம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, கூர் கூராக.

"ஷீலா, தெரு முழுக்க நம்ம ஆளுங்கதான், கோவிலுக்குத்தான் வர்றதில்ல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று மாதமாக யாரோடும் பேசாமல் கிடந்த மனிதர் அவர். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து முறுக்கும் அச்சுமுறுக்கும் சுட்டேன். குட்டி பெனிட்டா கையில் ஒரு சலங்கைத் தட்டு. சாமுவேல் நல்ல பாடகர். டிரம் இல்லாத குறையைத் தொண்டையால் தீர்த்துவைத்துவிடலாம் என்று கிளம்பினோம்.

முதல் கதவைத் திறந்தவர் ஹெல்கா, எதிர்வீட்டில் தனியாக இருக்கும், பணி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். முழுப் பாட்டையும் நின்று கேட்டார். பிறகு உள்ளே போய்ச் சில்லறைக் காசும் ஒரு சாக்லெட்டும் கொண்டுவந்து பெனிட்டாவின் கையில் வைத்தார். இரண்டாவது வீட்டில் திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். மூன்றாவது வீட்டுப் பையன் எதற்காகப் போராட்டம் நடத்துகிறோம் என்று மரியாதையாகக் கேட்டான். அதோடு திரும்பிவிட்டோம். முறுக்குத் தூக்கு கனத்தது.

மறுநாள் ஹெல்கா வந்தார். ஏதோ தப்பாகிவிட்டது என்று அவருக்குப் புரிந்திருந்தது. அவருடைய ஜெர்மனையும் எங்கள் ஆங்கிலத்தையும் வைத்து, நட்சத்திரம் என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று சொல்லி முடித்தோம். அவர் பதறிப்போனார். "ஐயோ, இல்லை இல்லை. இது இந்தப் பக்கத்து வழக்கம். இருட்டுக் காலம், பார்க்க அழகா இருக்கும், அவ்வளவுதான்." பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, எங்களுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, "கவலைப்படாதீங்க, இந்தத் தெருவில் யாருக்குமே மதநம்பிக்கை கிடையாது" என்றார்.

சாமுவேல் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஹெல்கா மட்டும் தூக்கிலிருந்த முறுக்கில் பாதியைத் தின்று தீர்த்துவிட்டுப் போனார். அன்று தொடங்கிய நட்பு இன்றும் இருக்கிறது.

3

ஊரில் குடியேறினால் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். கல்யாணம் ஆனதா, பிள்ளை எத்தனை என்றெல்லாம் சத்தமாகக் கேட்ட அலுவலக அம்மா, ஒரு கேள்வி வந்ததும் முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினார். பரம்பரை வியாதி ஏதாவது உண்டா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "நீங்கள் திருச்சபையில் இருக்கிறீர்களா?" என்றார். ஆமாம் என்றால் சம்பளத்தில் சபைக்கென்று ஒரு வரி பிடிப்பார்கள். உதவிக்கு வந்திருந்த என் அலுவலகத் தோழர், இல்லை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஜாடை காட்டினார். விருத்தாசலத்தில் மதத்தைக் கேட்கும்போது யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை. அந்தக் குசுகுசுப்பில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று கவுண்டர் தாண்டிக் கேட்கும்படி "ஆமாம்" என்றேன்.

முதல் ஞாயிறு கோவிலுக்குப் போனோம். ஆயிரம் பேர் கொள்ளும் கட்டடம், உள்ளே எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர். எங்கள் ஊர் லுத்தரன் சபைகளில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். வாசலில் நின்று கைகொடுத்த குட்டை முடிப் பெண்ணை ஐயரம்மா என்றே நினைத்துக்கொண்டு, "ஐயர் எங்கே?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர்தான் போதகர். ஆறு கிராமத்துக்கு அவர் ஒருவரே. இன்றுவரை எங்கள் வீட்டில் அவருக்கு ஐயரம்மா என்றுதான் பெயர்.

மாடத்தில் ஆர்கன் வாசிப்பவர் லிண்ட்னர். எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர். வெயிலோ பனியோ, அவர் வராத ஞாயிறை நான் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் பெரிய கோவிலைச் சூடாக்க முடியாது என்று, தை பிறந்தால் ஈஸ்டர் வரை பக்கத்து அறையில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஆராதனை. எனக்கு அது பிடிக்கும். ஒருவர் இருமினால் இன்னொருவர் மிட்டாய் நீட்டுவார். உள்ளதைச் சொன்னால், இந்தப் பதினொரு பேருக்கு நடுவில் நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். சாமுவேல் பேக்கரியில் அதிகாலை வேலை முடித்து மாவு வாசனையோடு வந்து உட்காருவார். நான் வாரமெல்லாம் தொழிற்சாலையில் மின்கம்பத்துப் பீங்கானில் விரிசல் தேடிவிட்டு வந்திருப்பேன். விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா படித்த கண்ணுக்கு இங்கே நல்ல மதிப்பு.

இங்கே யாரும் எங்களை எதிர்ப்பதில்லை. எதிர்க்கிற அளவுக்கு அவர்களுக்கு அதில் அக்கறை இல்லை. பெரியவர்கள் எங்களுக்கு அது பழகிவிடும். பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் பழகுமா என்பதுதான் எனக்கு முன்னால் இருந்த கேள்வி. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவளுக்கு அந்த விசுவாசம் இருக்க வேண்டும். எங்களுக்காக இல்லை, அவளுக்கே இருக்க வேண்டும்.

4

நான் சண்டை போட்டேன். ஒரு வாரம் போட்டேன். "உங்க தாத்தா இல்லன்னா..." என்று ஆரம்பித்தாலே அவள் காதில் ஹெட்போன் ஏறிவிடும்.

"அம்மா, கிளாஸ்ல கடவுள்னு யாராவது சொன்னா எல்லாரும் திரும்பி என்னத்தான் பாக்கறாங்க. டீச்சரும் பாக்கறாங்க. எனக்கு மட்டும் எல்லாம் தெரியுமா? நான் என்ன கூகுளா?"

பதில் தெரியாதபோது தாய்மார்கள் செய்வதைச் செய்தேன். சத்தம் போட்டேன்.

விருத்தாசலத்தில் இருக்கும் தம்பி ஜான்சனுக்குப் போன் போட்டு அழுதேன். அவன் எனக்கு ஆறுதல் சொல்வான், ஊரில் எல்லாம் சரியாக இருக்கிறது, நீதான் தூர தேசம் போய்ப் பிள்ளையைக் கெடுத்தாய் என்று திட்டவாவது திட்டுவான் என்று நினைத்தேன்.

"யக்கா, நீ அங்க ஒக்காந்துகினு எங்க வூட்ல பக்தி வழியிதுன்னு நெனச்சிகினு இருக்கிற" என்றான். "எம்பையன் ஞாயித்துக்கெழமையானா டியூஷன்றான். ஒரு வார்த்த கேட்டன். 'நீட் பரீட்சைய யேசப்பா வந்து எழுதுவாரா'ன்றான்."

"நீ என்னா சொன்ன?"

"என்னாத்த சொல்றது? வண்டியில கொண்டுபோயி டியூஷன்ல வுட்டுட்டு நான் சர்ச்சுக்குப் போனன். அங்க போயி பாத்தா எல்லா அப்பனும் தனியாத்தான் ஒக்காந்துகினு இருக்கறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். தூர தேசத்தின் மேல் பழியைப் போடலாம் என்று வைத்திருந்தேன், அது கைவிட்டுப்போனது.

அடுத்து லிண்ட்னரிடம் போனேன். அவர் கதை சபைக்கே தெரியும். அந்தப் பழைய அரசு காலத்தில் அவருடைய வகுப்பில் விழாவை மறுத்துத் திடப்படுத்தல் எடுத்த பையன் அவர் ஒருவர்தான். அதற்காக மேல்படிப்புக் கதவைச் சாத்திவிட்டார்கள். இப்படிப்பட்டவர் பெனிட்டாவிடம் இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்பது என் கணக்கு.

ஆர்கனை மூடிக்கொண்டே கேட்டார். பிறகு, "நான் கால்நடை டாக்டராக ஆசைப்பட்டேன்" என்றார்.

"வருத்தம் உண்டா?"

"உண்டு. மாட்டைப் பார்க்கும்போதெல்லாம் உண்டு." இந்த ஊரைச் சுற்றி மாடுகள் ஏராளம். "என் மகனுக்குப் பதினாலு வயசானபோது அந்த அரசுதான் இருந்தது. அவனை விழாவுக்கே அனுப்பினேன். அவன் படிச்சான். கோவிலுக்கு வர்றதில்லை."

செய்தது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. என் மகளிடம் பேசுகிறேன் என்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, படியில் வழுக்கும், பார்த்து இறங்கு என்றார்.

5

அந்த வாரம் முழுக்க எனக்கு அஞ்சலை அத்தை ஞாபகம். தொழிற்பேட்டை பின்னால் எங்கள் பக்கத்து வீடு. பரம்பரையாக மண்பாண்டம் செய்த குடும்பம். அத்தை பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வர்ணம் தீட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

விருத்தாசலத்தில் மாசி மகம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஊரே தேர் பார்க்கப் போகும். அது பெரும்பாலும் எங்களுடைய லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்தான் வந்து விழும். நாங்கள் கறி சாப்பிடாமல், பூ வைக்காமல், புதன்கிழமைதோறும் சிலுவைத் தியானம் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் தெருவெல்லாம் பலூனும் கரும்பு ஜூஸும். அப்பா தடுக்க மாட்டார். "போயி பாத்துட்டு வா. தேர் நகர்றது நல்லாத்தான் இருக்கும். ஞாயித்துக்கெழம பாடம் மனப்பாடமா இருக்கணும், அவ்ளோதான்" என்பார்.

படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை. இதை யாரும் அஞ்சலை அத்தைக்கு விளக்கிச் சொன்னதில்லை. பொங்கலோ கொழுக்கட்டையோ, இறக்கியதும் முதல் வேலையாக ஒரு கிண்ணத்தில் எங்கள் பங்கை எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் சாமிக்கு வைப்பார். சுவருக்கு மேலே கிண்ணத்தை நீட்டும்போது, "படைக்கிறதுக்கு மின்னாலயே எடுத்துட்டன், பயப்படாம சாப்புடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவருடைய சாமிக்கும் முந்தி எங்களுக்குப் பரிமாறியிருக்கிறார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை வேண்டும் என்று அம்மா கேட்டபோது, கம்பெனியில் சொல்லி அச்சு பிடித்து, தன் கையாலேயே வர்ணம் தீட்டிக் கொண்டுவந்தார். மரியாள், குழந்தை, மேய்ப்பர்கள் எல்லாம் அழகு. யோசேப்பின் நெற்றியில் மட்டும் பளிச்சென்று மூன்று கோடு விபூதிப் பட்டை. வருஷமெல்லாம் சாமி பொம்மைக்குத் தீட்டிய கை, தாடியைக் கண்டதும் முனிவர் என்று முடிவு கட்டிவிட்டது. அத்தைக்கு வெட்கம் தாங்கவில்லை. "குடுங்கண்ணி, சொரண்டிடறன்" என்றார். அப்பா தரவில்லை. "அவரு விருத்தாசலத்து யோசேப்பு, இருக்கட்டும்" என்று குடிலில் வைத்துவிட்டார். ஐயர் வீட்டுக்கு வந்தபோது மட்டும் அம்மா அவரைக் கொஞ்சம் வைக்கோல் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

இதையெல்லாம் நினைத்துப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. ஊரிலும் நாங்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் யார் நாங்கள் என்று தெருவுக்குத் தெரியும். தெரிந்ததால் எங்களுக்கு இடம் விட்டார்கள். இங்கே பெனிட்டாவைச் சுற்றி இருப்பவர்களும் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களுக்குத் தெரியாது. அவள் சொன்னால்தான் தெரியும். சொல்ல அவளிடம் ஏதாவது இருக்க வேண்டும். அதை நான் சத்தம் போட்டு உள்ளே வைக்க முடியாது.

சாமுவேலிடம் சொன்னேன். "அதத்தான, அவளா வரட்டும்னு, ஒரு வாரமா நான் பாட்டாவே பாடறேன்" என்றார். அவர் பாடியதை நான் வழக்கமான பாட்டு என்று விட்டிருந்தேன்.

பெனிட்டாவைக் கூப்பிட்டு, "நீயே முடிவு பண்ணிக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நிஜமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனாள்.

6

ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று சொல்வது சுலபம். அப்படி நடந்துகொள்வதுதான் கஷ்டம்.

பெனிட்டாவின் உயிர்த்தோழி லேனா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பிப்ரவரியில் லேனாவின் அப்பா, கூரை வேலை செய்பவர், வேலை இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு ஆபரேஷன் ஆனது, கால் சரியாக அசையவில்லை, இன்னொன்று வேண்டும் என்றார்கள். லேனாவின் அம்மா ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். பெனிட்டா பள்ளி விட்டதும் அங்கேதான் போவாள். நான் சோறும் குழம்பும் டப்பாவில் கொடுத்தனுப்புவேன். இருவரும் போனில் விழாவுக்கான உடைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஒருநாள் கண்டேன். சரி, முடிவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி ஜெபத்தில் அவள் பெயரை இரண்டு தடவை சொல்வேன். சாமுவேல் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

மார்ச்சில் ஒரு தோசை நாள்.

"அம்மா, நான் திடப்படுத்தல் எடுத்துக்கறேன்."

கரண்டியைக் கீழே வைத்தேன். ஏன் என்று கேட்கக் கூடாது என்று நாக்கைக் கடித்தும் கேட்டுவிட்டேன்.

"ஐயரம்மா பாவம்மா" என்றாள். "என் ஒருத்திக்காக வாராவாரம் பனியில வண்டி ஓட்டிக்கிட்டு வர்றாங்க. பிஸ்கட் வேற வாங்கிட்டு வர்றாங்க. நான் போகலன்னா வகுப்பே நின்னுடும்."

"அப்ப லேனா விழா?"

"போவேன். கீழ ஒக்காந்து கை தட்டுவேன். ஒரே வருஷத்துல ரெண்டு தடவ பெரியவளாக முடியாது."

சாமுவேலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை. பரிதாபப்பட்டு ஒரு பெண் விசுவாசியாவாளா? வாசலில் வந்து பாடுகிறவனுக்குச் சில்லறை போடுகிற மாதிரி அல்லவா இது? ஐயரம்மாவிடமே இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர், "எந்தக் காரணமா இருந்தாலும் எனக்குச் சரி, இந்த வருஷம் நான் ரொம்பக் களைச்சுப்போயிருக்கேன்" என்று உள்ளதைச் சொன்னார். எனக்கு அவர் மேல் பிரியம் கூடியது. சந்தேகம் அப்படியே இருந்தது.

7

ஈஸ்டர் முடிந்து ஏழாவது வாரம் வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பெனிட்டா திடப்படுத்தல் எடுத்தாள்.

இங்கே கறுப்பு உடைதான் வழக்கம். எங்கள் ஊரில் வெள்ளை. பெனிட்டா வெள்ளையே போடுகிறேன் என்றாள், அதுவும் என்மேல் பட்ட பரிதாபமா என்று தெரியவில்லை. நான் பட்டுச்சேலை கட்டினேன். எதிர்வீட்டு ஹெல்கா முந்தின நாளே வந்து, முழங்கால் போட வேண்டுமா, வயதான முழங்கால், என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார். உட்கார்ந்தே இருக்கலாம் என்றதும் நிம்மதியாக வந்து முதல் வரிசையில் அமர்ந்தார். பின்னால் பெனிட்டாவின் வகுப்புப் பிள்ளைகள் லேனாவோடு ஒரு வரிசை. எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பாதிப் பேர் நிற்க, பாதிப் பேர் உட்கார, பாட்டுக்குப் பாட்டு ஒரே சிரிப்பு.

விசுவாசப் பிரமாணத்தை நாங்கள் பதினொரு பேர் சொன்னோம். பிறகு ஐயரம்மா கேட்டார்: இந்த விசுவாசத்தில் நிலைத்திருக்க விரும்புகிறாயா?

"ஆம், கடவுளின் உதவியோடு" என்றாள் பெனிட்டா. தெளிவாகத்தான் சொன்னாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பித்தான் சொல்கிறாளா என்று ஏதாவது தெரியாதா என்று பார்த்தேன். புதுச் செருப்பு கடிக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. லிண்ட்னர் ஆர்கனில் ஏறு ஏறு என்று ஏறினார், கட்டடமே அதிர்ந்தது. சாமுவேல் வாய்விட்டு அழுதார். எனக்குக் கண்ணீர் வரவில்லை.

ஆராதனைக்குப் பிறகு பக்கத்து அறையில் காப்பி, கேக், என் முறுக்கு. ஹெல்கா முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அது என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் கோப்பைகளைக் கழுவ உள்ளே போனேன். அந்தச் சமையலறைக்குப் பின்கதவு உண்டு. அதற்கு வெளியே படியில் பெனிட்டாவும் லேனாவும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"இப்ப நீ முறைப்படி ஆயிட்டே, இல்ல?" என்றாள் லேனா.

"ம்."

"அப்ப ஒண்ணு கேக்கலாமா? சிரிக்கக் கூடாது." லேனா தட்டைப் படியில் வைக்கும் சத்தம் கேட்டது. "வியாழக்கிழமை அப்பாவுக்கு ரெண்டாவது ஆபரேஷன். நீ அவர்கிட்ட சொல்ல முடியுமா? உங்க கடவுள்கிட்ட."

பெனிட்டாவின் வாயில் கேக் இருந்தது. விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"பிப்ரவரியிலேர்ந்து சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன். தினமும் ராத்திரி."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை மெதுவாக மூடினேன்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள் லேனா.

"உங்க வீட்ல யாரும் நம்ப மாட்டீங்களே. அதான் சொல்லல."

"என்னன்னு சொல்வே?"

"மொதல்ல உங்கப்பா பேரு. அப்பறம் முதுகு. அப்பறம் காலு. அப்பறம் நீ."

லேனா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நான் நம்பறேனான்னு எனக்குத் தெரியல" என்றாள். "ஆனா நீ நிறுத்திடாத."